இட்லி எந்த வண்டியில் போகும்?

எழுதி ரொம்ப நாளாச்சு. மார்ச் கணக்கு முடிப்பு, ஆடிட், ட்ரான்ஸ்ஃபர் வதந்தி என்று நாட்கள் ஓடிவிட்டன. போன வாரம் எங்கள் மாட்டுங்கா கிளையில் ஒருத்தர் கேட்ட கேள்வி மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுதினால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது.

அவர் தாராவிக்காரர், நம்ம திருநெல்வேலிப் பக்கம். நான் 'அண்ணாச்சி' என்பேன், வயதில் பெரியவரானாலும் அவர் எனக்கு 'சார்' போடுவார். ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து, விடிந்ததும் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு சயன், மாட்டுங்கா என்று சுற்றுவார். விற்றது போக, பத்தரை மணிக்கு வந்து பணம் கட்டுவார். குடியிருப்பது ஒரு மாடி அறை.

"சார், எங்களை முலுண்ட் பக்கம் அனுப்பப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க. வீடு நல்லாவே இருக்கட்டும். காலையில எந்த வண்டியில சார் இட்லி போகும்?"

"விசாரிச்சு சொல்றேன் அண்ணாச்சி" என்று சமாளித்தேன். நான் படித்தது பி.காம். நகரத் திட்டமிடல் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த ஊரின் பழைய கதைகளைப் படிப்பது என் பொழுதுபோக்கு. அதில் தேடினால், நூற்றிருபது வருஷமாக இந்த ஊர் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது!

முதலில் மாட்டுங்கா. 1896ல் பம்பாயில் பிளேக் வந்தது. நெரிசலே காரணம் என்று முடிவுகட்டி, 1898ல் 'சிட்டி இம்ப்ரூவ்மென்ட் ட்ரஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தாதர், மாட்டுங்கா, வடாலா, சயன் பக்கத்து வயல்வெளிகளில் மனை பிரித்தார்கள். அகலமான ரோடு, நடைபாதை, மரம், பூங்கா எல்லாம் வரைபடத்திலேயே இருந்தன. ஜி.ஐ.பி. ரயில் ஏற்கெனவே பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ட்ராமும் கிங்ஸ் சர்க்கிள் வரை வந்தது. கோட்டைப் பகுதி ஆபீஸ்களில் குமாஸ்தா வேலை பார்த்த நம்மாட்கள் இங்கே வந்து குடியேறியதற்கு இந்த வசதி முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. காபிக்கடை, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் அதன் பின்னால் வந்தவை.

ட்ரஸ்டை ரொம்பப் புகழவும் வேண்டாம். அது உள்ளூரில் இடித்த வீடுகளில் இருந்த ஏழைகளுக்கு மாட்டுங்காவில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் சரி. வீட்டையும் வழியையும் ஒரே காகிதத்தில் போட்டார்கள்.

ட்ராம் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1874ல் குதிரை இழுத்தது, 1907ல் மின்சாரத்துக்கு மாறியது. பஸ் 1926ல் வந்தது. 1964 மார்ச் 31 இரவு போரிபந்தரிலிருந்து தாதருக்குப் போனது கடைசி ட்ராம். நம்ம சென்னையில் அதற்கும் முன்னாலேயே, 1953ல் மூட்டை கட்டிவிட்டார்கள். இன்று உலகத்தின் பல நகரங்கள் புகை வேண்டாம் என்று ட்ராமுக்கே திரும்பிக்கொண்டிருக்கின்றன.

அடுத்து தாராவி. இங்கே யாரும் திட்டம் போடவில்லை. தோல் பதனிடும் தொட்டிகள் ஊருக்கு வெளியே இருக்கட்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சதுப்புப் பக்கம் ஒதுங்கின. அந்த வேலைக்குத் திருநெல்வேலியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஊர் வளர்ந்து வளர்ந்து, வெளியே இருந்த தாராவி நடுவுக்கு வந்துவிட்டது. ஒரு பக்கம் சயன் ஸ்டேஷன், இன்னொரு பக்கம் மாஹிம். மேலே வீடு, கீழே பட்டறை. வேலைக்குப் போகும் தூரம் ஒரு ஏணி!

2008ல் வெளியான மும்பைப் பெருநகரப் போக்குவரத்து ஆய்வில், இங்கே நடக்கும் பயணங்களில் ஏறக்குறைய பாதி கால்நடையாகத்தான் என்று வந்தது. சுற்றுச்சூழலுக்கு உகந்த போக்குவரத்து என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, அண்ணாச்சியின் சைக்கிள் அதைத் தினமும் செய்கிறது. தாராவியின் சாக்கடையையும் புழுக்கத்தையும் நான் நியாயப்படுத்தவில்லை. அங்கே மாற வேண்டியது நிறைய. மாறக்கூடாதது இந்தத் தூரம் மட்டும்.

கடைசியாக, நான் குடியிருக்கும் செம்பூர். குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906ல் ரயில் பாதை போட்டார்கள். அதில் ஓடியவை நகரத்தின் குப்பையைச் சுமந்த வண்டிகள். ஜனங்கள் ஏற 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1928ல் அந்தேரியிலிருந்து குர்லா வழியாக ட்ராம்பே வரை ஒரு கிழக்கு மேற்கு ரயில் வந்தது, சுமார் 13 கிலோமீட்டர். 1934ல் அதை மூடினார்கள். அதற்கப்புறம் மும்பையில் வடக்கு தெற்காகப் போவது சுலபம், குறுக்கே போவது தண்டனை. சாந்தாகுருஸ் செம்பூர் இணைப்புச் சாலை 2003ல் ஆரம்பித்து 2014ல்தான் திறந்தது. எண்பது வருஷம் கழித்துக் குறுக்கே ஒரு வழி, அதுவும் ரயில் இல்லை, ரோடு.

அதே 2014 பிப்ரவரியில் செம்பூரிலிருந்து வடாலாவுக்கு மோனோரயில். குடும்பத்தோடு ஒரு ரவுண்டு போனோம், பையனுக்கு ஒரே குஷி. அதன்பிறகு அதில் ஏற எனக்கு ஒரு வேலையும் வரவில்லை. பலருக்கும் அப்படித்தான். 2019ல் ஜேக்கப் சர்க்கிள் வரை நீட்டியும் பெட்டிகள் காலியாகவே ஓடின. 2025 ஆகஸ்ட் 19 மழையில் ஹார்பர் லைன் நின்றதும் எல்லோரும் அதில் ஏறினார்கள். 104 டன் தாங்கும் வண்டியில் 109 டன். மைசூர் காலனி அருகே அந்தரத்தில் நின்றுபோய், 500 பேருக்கு மேல் தீயணைப்புப் படையினர் ஏணி வைத்து இறக்கினார்கள். செப்டம்பர் 20 முதல் சேவையையே நிறுத்திவைத்தார்கள். இதற்கு நடுவே, ஒரு காலத்தில் 4000க்கு மேல் இருந்த பெஸ்ட் பஸ்கள் 2025ல் 3000க்கும் கீழே வந்துவிட்டன. குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாயிலிருந்து 10 ஆனது.

இப்போது அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. மாடியில் இருப்பவர்களுக்கு வெளியே, வாடகை முறையில். அதற்காக 2024ல் முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பக்கத்து உப்பள நிலங்களையும், தேவ்னார் குப்பைமேட்டு நிலத்தையும் மாநில அரசு ஒதுக்கியது. தேவ்னார் இருப்பது செம்பூருக்கு அடுத்து. 1906ல் குப்பையை அனுப்பிய அதே திசை!

கணக்குப்பிள்ளை புத்தியோடு யோசித்தேன். அங்கே வீட்டு வாடகை எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். போய்வரும் நேரமும் காசும் யார் கணக்கில் பற்று? அண்ணாச்சி கணக்கில். திட்டத்தின் பேரேட்டில் அது வரவே வராது.

அரசாங்கத்தை மட்டும் சொல்வானேன். நானே எத்தனை வீட்டுக் கடன் பாஸ் பண்ணியிருக்கிறேன். சம்பளச் சீட்டு, சிபில், வில்லங்கம், மதிப்பீடு எல்லாம் பார்ப்பேன். 'இந்த வீட்டிலிருந்து வேலைக்கு எப்படிப் போவீர்கள்?' என்று கேட்க விண்ணப்பத்தில் ஒரு கட்டம் கிடையாது. நானும் கேட்டதில்லை. தவணை தவறும்போது கூப்பிட்டு விசாரித்தால்தான் தெரியும், விடிகாலை ஷேர் ஆட்டோ, லோக்கல், மறுபடி பஸ் என்று பாதிச் சம்பளமும் பாதி நாளும் வழியிலேயே போய்விட்டன என்பது.

நூறு வருஷத்துக்கு முன்னால் காலனி ஆட்சிக்காரர்களுக்கே ரோட்டையும் மனையையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தது. நமக்கு ஏன் தெரியக்கூடாது? புது இடத்தில் முதல் செங்கல் வைக்கும் முன்னால் முதல் பஸ்ஸை ஓட்டிக் காட்டட்டும். விடிகாலை நாலு மணிக்குப் பாத்திரத்தோடு ஏற இடம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அப்புறம் சாவி கொடுக்கட்டும்.

நேற்றும் அண்ணாச்சி வந்தார். "விசாரிச்சீங்களா சார்?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். பணத்தைக் கட்டிவிட்டு, "சரி சார், எண்ணிப் பாத்துக்கங்க" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். பணம் சரியாகத்தான் இருந்தது.