சொந்தப் பணியாட்களைக் கொண்ட ஒப்பந்தக் கட்டுமானம்

சொந்தப் பணியாட்களைக் கொண்ட ஒப்பந்தக் கட்டுமானம் என்பது, கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுவோர், சென்டரிங் தச்சர் முதலானோரைத் தம் சம்பளப் பட்டியலிலேயே நிலையாக வைத்துக்கொண்டு, வேலையைப் பிரித்து வெளி மேஸ்திரிகளுக்கு உள்குத்தகை விடாமல், தாமே நேரில் நடத்தி முடிக்கும் முறையாகும். தரக்குறைவு, காலதாமதம், விபத்து, செலவுப் பெருக்கம் என்னும் நால்வகை அபாயங்களுள் முதல் மூன்றை இம்முறை குறைக்க வல்லது. நான்காவதை அழிப்பதில்லை, கட்டட உரிமையாளரின் தோளிலிருந்து ஒப்பந்தக்காரரின் தோளுக்கு மாற்றுகிறது. பழைய சுண்ணாம்புக் கட்டடங்களும் புதிய கான்கிரீட் அடுக்ககங்களும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் சென்னைத் திருவல்லிக்கேணி, இம்முறையின் குணதோஷங்களை ஆராய்வதற்குத் தக்க இடமாகும்.

வரலாறு

1768-இல் ஆர்க்காட்டு நவாபுக்காக எழுந்த சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர் என்று மரபாகச் சொல்லப்படும் பால் பென்ஃபீல்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் எஞ்சினீயராகப் பணியாற்றிப் பின்னர் கோட்டைப் பணிகளைக் குத்தகைக்கு எடுத்த ஒப்பந்தக்காரர் ஆவார். அவ்வரண்மனை 19-ஆம் நூற்றாண்டில் அரசாங்கத்தின் வசமான பிறகு, பொதுப்பணித் துறையின் தலைமையகம் அவ்வளாகத்திலேயே நிலைகொண்டது. அத்துறையின் நடைமுறையில், மஸ்டர் ரோல் என்னும் வருகைப் பட்டியலில் பெயர் பதிந்து தினக்கூலி ஆட்களைக் கொண்டு துறையே நேரில் செய்யும் வேலை ஒருபுறமும், ஒப்பந்தத்துக்கு விடும் வேலை மறுபுறமுமாக இரண்டு மார்க்கங்களும் நெடுங்காலம் அருகருகே வழங்கி வந்தன.

தனியார் ஒப்பந்தக்காரருள் பெரும்புகழ் எய்தியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். 1892-இல் நிறைவுற்ற உயர் நீதிமன்றம், 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட, கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் பெயரோடு இணைந்த கட்டடங்கள் பலவற்றையும் நிர்மாணித்தவர் இவரே. ஒரே கட்டடக் கலைஞரும் ஒரே ஒப்பந்தக்காரரும் அடுத்தடுத்த பணிகளில் சேர்ந்து இயங்கிய இத்தகைய தொடர்ச்சி, ஒரு கட்டடத்தில் கைவந்த நுணுக்கம் அடுத்ததற்கு வீணாகாமல் சென்று சேர வாய்ப்பளிப்பது. சொந்தப் பணியாட்படையின் அடிப்படைப் பயனும் அதுவே.

மறைபணியும் பொறுப்பும்

கட்டுமானத்தின் விசேஷம், அதன் முக்கியமான வேலைகளிற் பல, முடிந்தவுடன் கண்ணுக்கு மறைந்துவிடுவதே. திருவல்லிக்கேணியின் பழைய வீடுகளில் இன்றும் காணப்படும் மெட்ராஸ் டெரஸ் இதற்குச் சிறந்த உதாரணம். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களை விளிம்பு நிற்கக் குறுக்குச் சாய்வாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அது இறுகியபின் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கியைக் கொட்டி, கடுக்காய் நீர் தெளித்துக்கொண்டே பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கி, முடிவில் தட்டோடு பதிப்பர். எத்தனை நாள் அடித்தார்கள் என்பது தட்டோடு பதித்தபின் யாருக்கும் தெரியாது. அடுத்த ஐப்பசி மழையே அதைச் சொல்லும்.

கான்கிரீட் வேலையிலும் நிலைமை இதுவே. கம்பிக்கும் பலகைக்கும் இடையே வைக்கும் கவர் பிளாக், கையளவுகூட இல்லாத ஒரு சிமென்ட் வில்லை. டன் கணக்கில் கூலி பேசிய கம்பி வேலைக்காரர் அவசரத்தில் அதை விட்டுவிட்டால், கான்கிரீட் கொட்டியபின் அதைக் கண்டறிவது அரிது. ஆயினும் மெரினாவின் உப்புக்காற்று வீசும் இப்பகுதியில், போதிய மூடல் இல்லாத கம்பி துருப்பிடித்து, சில ஆண்டுகளில் தளத்தின் அடிப்பூச்சைப் பெயர்த்துத் தள்ளிவிடும். அதற்குள் அந்த உள்குத்தகை மேஸ்திரி எங்கு வேலை செய்கிறாரோ! மாதச் சம்பளக்காரரோ, அளவைக் கூட்டிக் காட்டி ஆதாயம் பெறும் அவசியம் இல்லாதவர். குறை வெளிப்படும்போது அதே முதலாளியின் கீழ் இருக்கக்கூடியவர். திருத்தும் செலவும் அவர் முதலாளியுடையதே. பிழை செய்தவரும் பிழைக்கு ஈடுசெய்பவரும் ஒரே கணக்கில் அடங்குவதால்தான் தர அபாயம் குறைகிறது.

காலமும் பாதுகாப்பும்

தாமதம் பெரும்பாலும் ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடைப்பட்ட சந்தியிலேயே பிறக்கிறது. சென்டரிங் ஆட்கள் பலகை பிரிக்க வராமையால் கொத்து வேலை நிற்பதும், கொத்து முடியாமையால் மின்குழாய் பதிப்பவர் திரும்பிப்போவதும் உள்குத்தகை முறையில் அன்றாட நிகழ்ச்சிகள். சொந்த ஆட்களை வைத்திருப்பவர், ஒரு தளத்தில் வேலை தடைப்பட்டால் அவர்களை மற்றொரு தளத்துக்கு மாற்றவும், மீண்டும் அழைத்துக்கொள்ளவும் இயலும்.

திருவல்லிக்கேணியின் குறுகிய தெருக்களில் லாரி நிற்க இடமின்றி மணலும் ஜல்லியும் தலைச்சுமையாகவே உள்ளே செல்வதும், அண்டை வீட்டின் சுவரும் நம் சுவரும் ஒன்றாகவே இருப்பதும் சாதாரணம். அத்தகைய பொதுச்சுவரை ஒட்டி வானம் தோண்டும்போது, முட்டுக் கொடுக்கும் வரிசை அறிந்த பழகிய ஆட்களும், காலையில் தெருமுனையில் கூடி நின்றவர்களுள் அன்றைக்கு மட்டும் அழைத்துவரப்பட்டவர்களும் சமமாகார். ஒருவர் மற்றவரின் சைகையை அறிந்திருப்பதே அங்குப் பாதுகாப்பில் பாதி.

எல்லைகள்

இம்முறை சர்வரோக நிவாரணியன்று. 2014 ஜூன் 28 அன்று சென்னைப் புறநகரான மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்ட கோர விபத்துக்குப் பின் எழுந்த விசாரணைகள், மண்ணின் தன்மை, அஸ்திவாரம், கட்டமைப்பு வடிவமைப்பு ஆகியவற்றை நோக்கியே கேள்வி எழுப்பின. வரைபடத்தில் உள்ள பிழையை எத்துணைத் தேர்ந்த கொத்தனாரும் கரண்டியால் திருத்திவிட முடியாது. அவ்வாறே, அண்ணா சாலையின் கீழ் மெட்ரோ ரயில் பாதையில் ஒரு கூட்டு நிறுவனத்தின் ஒப்பந்தம் 2015-இல் இடைமுறிந்து, எஞ்சிய வேலை பிறரிடம் ஒப்படைக்கப்பட்டு, திருவல்லிக்கேணியின் விளிம்பிலுள்ள அரசினர் தோட்டம் நிலையம் 2019 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. ஒப்பந்தக்காரரே நிலைகுலையும்போது அவருடைய சொந்த ஆட்களும் வேலையின்றி நிற்க நேரிடும் என்பதை இத்தகைய முறிவுகள் நினைவூட்டுகின்றன.

இனி, வேலையில்லாத மாதத்திலும் சம்பளம் கொடுத்தாக வேண்டியது இம்முறையின் பெருஞ்சுமை. லிஃப்ட், பைல் அஸ்திவாரம் போன்ற அபூர்வ வேலைகளுக்கு ஆட்களை ஆண்டு முழுதும் வைத்திருத்தல் வீண் செலவு. ஆகவே பெரிய நிறுவனங்கள், நேரடி ஆட்களோடு பயிற்சியையும் ஒரு நடுமார்க்கமாகக் கைக்கொள்கின்றன. எல் அண்டு டி நிறுவனம் கொத்து, கம்பி, தச்சு முதலிய தொழில்களைக் கற்பிக்கும் பயிற்சி நிலையத்தை நடத்தி வருவது இவ்வகையது.

சட்டநிலை

1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே கொடுத்துவிட்டுப் பின்னர் வசூலித்துக்கொள்ள வேண்டும் என விதித்தது. 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் பாதுகாப்பையும் நலனையும் ஒழுங்குபடுத்தியது. இரண்டும் பின்னர் 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. உள்குத்தகையின் படிகள் பெருகப் பெருக, கூலிப் பாக்கிக்கும் விபத்து ஈட்டுத்தொகைக்கும் பொறுப்பாளி யார் என்னும் வழக்கு சிக்கலாகிறது. சொந்தப் பணியாட்கள் உள்ள இடத்தில் அக்கேள்விக்கு விடை ஒன்றே.

நடைமுறை

அனுபவமுள்ள உரிமையாளர்கள், ‘எல்லாரும் எங்கள் ஆட்களே’ என்னும் வாய்மொழியோடு திருப்தியடைவதில்லை. வருகைப் பதிவேடும் வருங்கால வைப்பு நிதிச் செலானும் காட்டும் பெயர்களை வேலைத்தளத்தில் நிற்பவர்களோடு ஒப்பிடுவதும், அஸ்திவாரம், கம்பி, கான்கிரீட், நீர்க்காப்பு ஆகிய மறைபணிகளையேனும் உள்குத்தகைக்கு விடலாகாது என ஒப்பந்தத்தில் எழுதுவதும், வர்ணம், தச்சு அலங்காரம் போன்ற கண்ணுக்குத் தெரியும் வேலைகளில் மட்டும் விலக்களிப்பதும் சிக்கனத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒருங்கே இடந்தரும் ஏற்பாடாகும்.