மொட்டைமாடிக் கோபுரங்கள்

சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் 1924-இல் மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கிய நாள் முதல் சென்னைவாசிகள் ரேடியோ அலைகளோடு வாழ்ந்து வருகிறார்கள் எனினும், 1995-இல் செல்பேசிச் சேவை வந்து, மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் மொட்டைமாடிகள் செல்பேசிக் கோபுரங்களுக்கு வாடகைக்கு விடப்பட்ட பின்னரே, அவ்வலைகளைப் பற்றிய கவலை குடும்பங்களின் பேச்சில் இடம்பெற்றது.

இவ்வலைகள் எக்ஸ்ரேயைப் போல அணுக்களை அயனிகளாக்குபவை அல்ல, உடலைச் சூடேற்றுபவை. உடல் எடையில் கிலோவுக்கு 4 வாட் சக்தி உட்கொள்ளப்படின் பிராணிகளிடம் தீங்கு தோன்றக் கண்ட விஞ்ஞானிகள், அதில் ஐம்பதில் ஒரு பங்கையே பொதுமக்களுக்குரிய எல்லையாக வகுத்தார்கள். 1998-இல் சர்வதேசக் குழு வெளியிட்ட அப்பிரமாணத்தை 2008-இல் ஏற்ற இந்தியா, 2012 செப்டம்பர் 1 முதல் கோபுரக் கதிர்வீச்சின் எல்லையை அதிலும் பத்தில் ஒன்றாக்கி, 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்றிருந்ததை 0.45 ஆகக் குறைத்தது.

அதற்கு முந்தைய ஆண்டு உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இவ்வலைகளைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற வகையில் சேர்த்திருந்தது. அது சந்தேகமே, நிரூபணம் அன்று. எனினும் குழந்தைகள் உறங்கும் வீடுகளின் விஷயத்தில் சந்தேகத்தின் பலனை அரசு மக்களுக்கே அளித்தது நியாயம் என்றே கருதுகிறேன். 2017-இல் தொடங்கிய அரசின் ‘தரங் சஞ்சார்’ இணையதளத்தில் 4,000 ரூபாய் செலுத்திக் கோபுரக் கதிர்வீச்சின் அளவீடு கோரலாம் என்று ஏற்பாடாயிற்று. அத்தொகை வாடகைக் குடித்தனக்காரர்களுக்குப் பெரும் பாரம், அரசே அதை ஏற்றிருக்க வேண்டும்.