பட்டியலில் இல்லாத பிள்ளைகள்

பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லி நமக்கெல்லாம் வாய் அலுத்துப் போய்விட்டது. அங்குள்ள கல்லூரிகளை எண்ணிப் பார்த்து யாரோ வைத்த பெயர் அது. என்னைக் கேட்டால், அந்த ஊருக்கு உண்மையான பெருமை வேறு இரண்டு பள்ளிக்கூடங்களால் வந்தது என்பேன். எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளுக்காக எழுந்த பள்ளிக்கூடங்கள் அவை.

1890-இல் அஸ்க்வித் என்ற ஆங்கில மாது அங்கே பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பிளாரன்ஸ் ஸ்வெய்ன்ஸன் என்ற மற்றொரு மாது செவி கேளாத குழந்தைகளுக்கு ஒரு பள்ளி வைத்தார். இந்தியாவில் அவ்வகைப் பள்ளிகளில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. இருவரும் கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கடல் கடந்து வந்த நோக்கத்தைப் பற்றி வாசகர்கள் எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். தெருவில் பிச்சைக்கு விடப்பட்ட குழந்தையின் கையில் எழுத்தைக் கொடுத்தார்கள் என்பதை மட்டும் மறுக்க முடியாது.

கண் தெரியாவிட்டால் இந்தப் பள்ளி, காது கேளாவிட்டால் அந்தப் பள்ளி என்று தாமிரபரணிக் கரையில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழி இருந்தது. ஆனால் மூன்றாவதாக ஒரு பிள்ளையும் இருந்தான். அவனைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

பெற்றவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். திரும்பிப் பார்க்க மாட்டான். பிள்ளைக்குச் செவிடோ என்று அவள் நெஞ்சு பதைக்கும். அடுத்த நிமிஷமே, அடுக்களையில் மிட்டாய்க் காகிதம் சரசரக்கும் ஓசைக்கு அவன் ஓடி வருவான்! மற்றப் பிள்ளைகளோடு சேர மாட்டான். தேர்ப்பொம்மையின் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டிருப்பான். காது வைத்தியரோ, "செவியில் குற்றமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார். பிறகு எங்கே போவது? மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள், நேர்ந்துகொள்வார்கள். 'மந்தம்' என்பார்கள், 'பித்து' என்பார்கள்; இரக்கமுள்ளவர்கள் 'தெய்வக் குழந்தை' என்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்குச் சரித்திரமே கிடையாது. பெயரில்லாததை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

பெயர் 1943-இல் கிடைத்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து வைத்தியர் லியோ கேனர், பதினொரு குழந்தைகளைக் கவனித்து எழுதிய கட்டுரையில் 'ஆட்டிசம்' என்ற சொல்லை அவர்களுக்குச் சூட்டினார். தமிழில் அதை 'மதியிறுக்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. மதி அங்கே இறுகிக் கிடக்கவில்லை, வேறு வழியில் ஓடுகிறது. போகட்டும்.

பெயரோடு பழியும் வந்தது. தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று படித்தவர்களே பல ஆண்டுகள் எழுதினார்கள். 1964-இல் அதை மறுத்துப் புத்தகம் எழுதிய பெர்னார்ட் ரிம்லண்ட், அத்தகைய ஒரு பிள்ளையின் தகப்பனார். 1962-இல் லண்டனிலும் 1965-இல் அமெரிக்காவிலும் சங்கம் கூட்டியவர்களும் பெற்றோர்களே. நம் நாட்டில் 1991-இல் டில்லியில் 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கிய மெர்ரி பருவாவும் ஒரு தாயார்தான்.

அப்படியும் 1995-இல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகை ஊனங்கள் இடம் பெற்றன. ஆட்டிசம் இடம் பெறவில்லை. விளைவு என்ன தெரியுமா? சலுகை வேண்டுமானால் பிள்ளைக்கு 'மனவளர்ச்சி குன்றியவன்' என்று சான்றிதழ் வாங்க வேண்டும். கூட்டல் கணக்கை மனத்திலேயே போட்டுவிடுகிற பையனுக்கு அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்த தாயை நான் அறிவேன். 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் முதன்முதலில் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி அழைத்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பட்டியல் இருபத்தொன்றாக விரிந்தபோது அதிலும் இடம் கிடைத்தது.

சட்டம் டில்லியில் இருக்கிறது. பிள்ளை மாஞ்சோலை அடிவாரத்தில் இருக்கிறான். நடுவில் பஸ் ஒன்று ஓட வேண்டுமே! ஹாரன் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிற குழந்தையோடு, வாரம் இரண்டு முறை நகரத்துக்குப் பயிற்சிக்கு வருவது லேசான காரியமல்ல. "பிள்ளையை அடக்கி வையம்மா" என்று உபதேசிக்கிறவர் எந்த பஸ்ஸிலும் ஒருவர் இருப்பார்.

இந்த இடத்தில்தான் ஆய்க்குடி நினைவுக்கு வருகிறது. அங்கே ஓடும் அனுமன் நதியின் நீரும் சிற்றாறு வழியாகத் தாமிரபரணிக்கே வந்து சேர்கிறது. ஆய்க்குடி முருகனிடம் பிள்ளை வரம் கேட்பவர்கள், ஆற்றுப் படியில் பாயசம் வார்த்துச் சிறுவர்களை உண்ணச் செய்வார்கள். அதே ஊரில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவற்றுப் போனவர். தமக்கு வைத்தியம் செய்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். தசைநோயால் சக்கர நாற்காலியில் அமர்ந்த ஆடிட்டர் சங்கரராமன் பின்னால் வந்து தோள் கொடுத்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று: சங்கத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்கள், வளர்ச்சி பிந்திய குழந்தைகளைத் தேடிக் கிராமத்து வீடுகளுக்கே போகிறார்கள். குழந்தைக்கு மட்டுமல்ல, தாய்க்கும் பாட்டிக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள்.

அரசாங்கத்திலும் வாசல்கள் இல்லாமல் இல்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு வழி சொல்வார்கள். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. நிராமயம் என்றால் நோயின்மை. ஆட்டிசம் நோயே அல்லவே என்று வாதம் செய்யலாம்தான். விண்ணப்பத்தை முதலில் கொடுத்துவிட்டு வாதம் செய்வது நல்லது.

இத்தனைக்கும் பிறகு, நள்ளிரவில் பெற்றோர் விழித்துக்கொண்டு கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "நமக்குப் பின்னால் இவனை யார் பார்ப்பார்கள்?" அதற்கு 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு ஓரளவு பதில் சொல்கிறது. ஆட்சியரும், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும், ஊனமுள்ள ஒருவரும் சேர்ந்த உள்ளூர்க் குழு, அந்தப் பிள்ளைக்குச் சட்டபூர்வமான பாதுகாவலரை நியமிக்கலாம். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அதற்கு மனுச் செய்யலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையை ஒட்டியிருக்கிறது திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமை மனு நாள். பட்டாவுக்கும் பாதைத் தகராறுக்கும் நிற்கிற அந்த நீண்ட வரிசையில், 14-ஆம் பிரிவு என்று தலைப்பிட்ட மனுவோடு ஒரு தாயும் நிற்கலாம்.