ஹெரால்டு காரும் பெரியப்பா விட்டுக்கொடுத்த முறையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பவன் என்று என்னைக் கேலி செய்தவர்கள் நீங்கள். பழகியிருப்பீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் ஒருவர் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தார். எட்டிப் பார்த்தால் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு! 1966-ஆம் வருஷத்து வண்டி. மூன்று வருஷம் மெனக்கெட்டுச் சரிசெய்திருக்கிறார். பாதி உதிரி பாகங்கள் இங்கிலாந்திலிருந்து பார்சலில் வந்தனவாம். மீதி புதுப்பேட்டையில் தேடிப் பிடித்தவை. என்னை முன் சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று அழைத்துப் போனார். திரும்பி வரும்போது கேட்டார்: "சார், இதை அந்தக் காலத்துலயே ஷோரூம்ல புதுசா வாங்கியிருந்தா எப்படி இருந்திருக்கும்?"

பழைய கார் பிரியர்கள் எல்லோருக்கும் இருக்கும் ஏக்கம்தான் இது. சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஒழுங்காகப் பதில் சொல்வது என்றால் இரண்டு கதைகள் சொல்ல வேண்டும். ஒன்று அந்தக் காரின் கதை. இன்னொன்று நம் குடும்பக் கதை. பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் இரண்டாவதைத் தவறாமல் படிக்கவும்.

முதலில் கார். ஹெரால்டு பிறந்தது இங்கிலாந்தில், 1959-இல். அங்கே அதன் பெயர் டிரையம்ப் ஹெரால்டு. உருவம் வரைந்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் தனியாக சேஸிஸ் வைப்பதை விட்டுவிட்டு, உடலே எலும்பாகவும் இருக்கும்படி கார் கட்ட ஆரம்பித்திருந்தன. ஹெரால்டு மட்டும் பழைய முறைப்படி சேஸிஸ் மேல் உட்கார்ந்திருந்தது. காரணம் சுவையானது. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடல் செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு உடலை ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லை. அதனால் பானெட் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம், பின்பாகம் ஒரு பக்கம் என்று பல இடங்களில் செய்து, சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள்.

வேறு வழியில்லாமல் செய்த இந்த ஏற்பாடு ஒரு வரமாக அமைந்தது. துண்டு துண்டாகக் கழற்றி மாட்டக்கூடிய காரைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பலாம். போய்ச் சேர்ந்த ஊரில் மாட்டிக்கொள்ளலாம். அப்படித்தான் அது நம் ஊருக்கு வந்தது.

நம் ஊர் என்றால் வண்டலூர். சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டாரும் சேர்ந்து 1948-இல் ஆரம்பித்தது ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு எய்ட், டென், 1961 முதல் ஹெரால்டு. சிறுவயதில் அப்பாவோடு செங்கல்பட்டிலிருந்து மெட்ராசுக்கு பஸ்ஸில் போகும்போது, வண்டலூர் தாண்டுகையில் அப்பா ஜன்னல் வழியாகக் கை காட்டுவார். "இங்கதாண்டா கார் செய்யறாங்க." அப்பா சைக்கிளுக்கு மேல் எதுவும் வாங்கியவர் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு கெத்து இருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு டாக்டர் ஹெரால்டு வைத்திருந்தார். அவர் பானெட்டைத் திறக்கும் நேரத்துக்காகப் பையன்கள் காத்துக் கிடப்போம். மற்ற கார்களில் ஒரு மூடி மட்டும் திறக்கும். ஹெரால்டில் முன் சக்கரங்களின் மேல்மூடியோடு சேர்த்து மூக்கு முழுவதும் முன்பக்கமாகச் சாயும். முதலை வாயைப் பிளந்தது போல இருக்கும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பார். என்ஜின் 948 சி.சி.தான். வண்டி சுமார் 25 அடி அகலத்துக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடும். குறுகலான எங்கள் தெருவில் டாக்டர் ஒரே திருப்பில் திரும்புவதைப் பார்த்து அம்பாசடர் வைத்திருந்தவர்கள் பொறாமைப்படுவார்கள். சோழவரம் கார் பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடின.

குறையும் உண்டு. இரண்டே கதவு. பாட்டியைப் பின் சீட்டுக்கு ஏற்றுவது ஒரு திருவிழா. பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பு நம் மேடுபள்ளச் சாலைகளுக்கும் நாம் ஏற்றும் கூட்டத்துக்கும் ஒத்துவரவில்லை. நம் ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தில் எந்தக் காலத்திலும் விற்காத நான்கு கதவு ஹெரால்டை வண்டலூரில் செய்தார்கள். 1972-இல் அதையே மாற்றி, பின்பக்கம் சாதாரண ஆக்சில் போட்டு, கெஸல் என்று பெயர் வைத்தார்கள். அடுத்தவன் வரைந்ததை நம் தேவைக்குத் திருத்திய வேலை அது. சின்ன வேலை என்று சொல்லிவிட முடியாது.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். ஸ்டாண்டர்டு என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கொடி என்று பொருள் உண்டு. தரம் என்றும் பொருள் உண்டு. காலப்போக்கில் 'சாதாரண ரகம்' என்ற அர்த்தம் ஏறிவிட்டது. டீலக்ஸ் என்று ஒன்று வந்த பிறகு ஸ்டாண்டர்டை யார் வாங்குவார்கள்? 1963-இல் இங்கிலாந்தில் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். நம் வண்டலூரில் மட்டும் அது 1988 வரை வாழ்ந்தது.

இனி மாணவரின் கேள்வி. அந்தக் காலத்தில் புதுக் காரை வாங்குவது எப்படி?

1950-களின் முதல் பாதியில் அரசு ஒரு முடிவெடுத்தது. பாகங்களை இறக்கி மாட்டி விற்பவர்களுக்கு இங்கே இடமில்லை. படிப்படியாக எல்லாவற்றையும் இங்கேயே செய்யத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கார் செய்ய மிஞ்சியவை மூன்று: கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு. 1971 கணக்கெடுப்பில் நம் மக்கள்தொகை 54 கோடியைத் தாண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் நாடு முழுவதும் ஒரு வருஷத்துக்குத் தயாரான கார்கள் நாற்பதாயிரத்துக்கும் குறைவு.

எனவே வரிசை. பெயரைப் பதிய வேண்டும். முன்பணத்தைத் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். அரசு ஒதுக்கீட்டில் சிலருக்கு முன்னால் கிடைக்கும். மற்றவர்களுக்கு வருஷக்கணக்கில் ஆகும். ஃபியட்டுக்குத்தான் மிக நீண்ட வரிசை. விலையை ஏற்றவிடாமல் 1969-இல் அரசே விலை நிர்ணயித்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின.

விலையைக் கட்டி, எண்ணிக்கையையும் கட்டினால் என்ன ஆகும்? பணம் பின்வாசல் வழியாக வரும். புதுக் காரின் அரசு விலையை விட, ஓடிய காரின் சந்தை விலை அதிகமாக இருந்தது. வித்தியாசத்துக்கு 'ஆன் மணி' என்று பெயர். எங்கள் தெரு டாக்டரும் தன் ஹெரால்டைப் புதிதாக வாங்கவில்லை. யாரோ இரண்டு வருஷம் ஓட்டியதைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார். நான் 'ஷோரூமில் புதுசாக' என்ற கேள்விக்குச் சிரித்தது இதனால்தான்.

இங்கேதான் பெரியப்பா வருகிறார். செங்கல்பட்டில் வக்கீலாக இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய வரும்படி கிடையாது. 1964-இல் ஒரு காருக்குப் பதிந்தார். எந்தக் கார் என்பது இங்கே வேண்டாம். தபால் ஆபீஸ் பாஸ் புத்தகத்தை நிலைமாடத்தில், சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். ஏழு வருஷம் கழித்து 1971-இல் அவருடைய முறை வந்தது. கடிதமும் வந்தது. அதே வருஷம் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இரண்டுக்கும் பணம் இல்லை.

கடிதம் வந்த நாலாம் நாள் ஒரு தரகர் வந்தார். எனக்குப் பதினாறு வயது. திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காது மட்டும் உள்ளே.

"வக்கீல் சார், நீங்க ஒரு பைசா போட வேணாம். பணம் முழுக்க எங்க பார்ட்டி கட்டுவார். வண்டி உங்க பேர்ல வரும், அவர் ஓட்டுவார். விற்கிறதுக்கு உள்ள கெடு முடிஞ்சதும் பேர் மாத்திக்கலாம். உங்களுக்கு நாலாயிரம்."

1971-இல் நாலாயிரம் ரூபாய்! அக்கா கல்யாணத்தின் பாதிச் செலவு. ஒதுக்கீட்டில் வந்த காரைக் குறிப்பிட்ட காலத்துக்குள் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. அதைச் சுற்றிப் போக எல்லோரும் கண்ட வழி இது.

பெரியப்பா சத்தம் போடவில்லை. "என் பேர்ல வண்டி வந்தா நான் ஓட்டணும். இல்லேன்னா வரிசைல அடுத்து நிக்கறவன் ஓட்டணும். நடுவுல உங்க பார்ட்டி யாரு?" என்று கேட்டார். தரகர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கல்யாணம் கடனில் நடந்தது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் நம் குடும்ப விசேஷங்களில் பெரியப்பா ஒரு நகைச்சுவையாகிவிட்டார். "வாசலுக்கு வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பினவர்", "கார் பதிஞ்சு வாங்காத கஞ்சன்." சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆன் மணி கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் கெட்டிக்காரர்கள் என்று ஊரே ஒப்புக்கொண்டிருந்த காலம்.

பிறகு நான் வரலாற்று ஆசிரியன் ஆனேன். 'கலப்புப் பொருளாதாரம், உரிம முறை, பாதுகாக்கப்பட்ட தொழில்கள்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். நீங்களும் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதினீர்கள். என் கண் முன்னால் திண்ணையில் நடந்ததும் அந்தப் பாடம்தான் என்பதை ஒருநாளும் வகுப்பில் சொல்லவில்லை. அது என் தவறு.

காரின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். கெஸல் 1977-இல் நின்றது. 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியதில் கார் வாங்குவோர் குறைந்திருந்தார்கள். சில வருஷங்கள் வேன் செய்து காலம் தள்ளினார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., விலை ஐம்பதாயிரத்தை ஒட்டி. 1985-இல் வண்டலூர் பதில் சொன்னது. ஸ்டாண்டர்டு 2000. இங்கிலாந்தின் ரோவர் காரின் உடல், உள்ளே வான்கார்டு காலத்து என்ஜினைத் திருத்திப் போட்டது, விலை இரண்டு லட்சத்துக்கு மேல். பார்க்க ராஜா. பெட்ரோல் குடிப்பதிலும் ராஜா. 1988-இல் உற்பத்தி நின்றது. நாடு சின்னக் காருக்கு ஏங்கிய நேரத்தில், சின்னக் கார் செய்யத் தெரிந்த ஒரு தொழிற்சாலை பெரிய காரோடு வந்து நின்றது. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

பாதுகாப்பு இல்லாவிட்டால் வண்டலூரில் கார் பிறந்திருக்காது. நான்கு கதவு போடக் கற்ற கைகளும் உருவாகியிருக்காது. அதே பாதுகாப்பில், எதைச் செய்தாலும் வாங்க ஆள் நிற்கிறார்கள் என்ற நிலை வந்ததும் கற்றுக்கொள்ளும் அவசரம் போய்விட்டது. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

மாணவருக்கு என் பதில் இதுதான்: தம்பி, உன் வண்டி அழகு. ஆனால் அதைப் புதிதாக வாங்கும் ஆசையோடு அந்த வரிசையையும் தரகரையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டியிருந்திருக்கும்.

போன மாதம் செங்கல்பட்டு வீட்டை ஒழிக்கும்போது பெரியப்பாவின் கட்டில் ஒரு கார்பன் நகல் கிடைத்தது. கார் ஒதுக்கீட்டுக் கடிதத்துக்கு அவர் எழுதிய பதில். மூன்றே வரி. குடும்பச் சூழ்நிலையால் வாகனம் எடுக்க இயலவில்லை, என் முறையை வரிசையில் அடுத்தவருக்குத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று. அந்த அடுத்தவர் யாரோ, எந்த ஊரோ. தரகர் இல்லாமல் ஒரு புதுக் கார் அவருக்குக் கிடைத்திருக்கலாம்.

பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளே, நகல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. யார் வந்தாலும் தருகிறேன். அடுத்த விசேஷத்தில் அந்தப் பழைய கேலியை யாராவது ஆரம்பித்தால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

மற்றவர்கள், உங்கள் வீட்டில் முதல் வண்டி எப்படி வந்தது, எத்தனை வருஷம் காத்திருந்தீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் மதிப்பெண் உண்டு.