சுப்ரா: வழிப்பயணம் விரித்த சொல்

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கை முஸ்லிம்களிடையேயும் சாப்பாட்டு வேளையில் தரையில் விரிக்கும் விரிப்புக்குச் சுப்ரா என்று பெயர். அதன்மேல்தான் பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சஹன் வரும், சுற்றி ஆட்கள் உட்காருவார்கள். அரபியில் இந்தச் சொல் சுஃப்ரா. இன்று அதற்குச் சாப்பாட்டு விரிப்பு என்று பொருள் சொல்லி நிறுத்திவிடுகிறோம். ஆனால் ‘ஸஃபர்’ என்ற பயணத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒரே வேரில் கிளைத்தது அது. முதற்பொருள் வழிப்போக்கன் கையில் கொண்டுபோகும் உணவு. 870இல் மறைந்த இமாம் புகாரியின் நபிமொழித் தொகுப்பே இதற்குச் சான்று. 622இல் நபிகள் நாயகம் மக்காவை விட்டு மதீனாவுக்குப் புறப்பட்டபோது, அவருடைய தோழர் அபூபக்கரின் மகள் அஸ்மா வழிச்சோறு ஆக்கி, கட்டக் கயிறு இல்லாமல் தம் இடைக்கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டினார் என்று அங்கே வருகிறது. அந்தச் சோற்றைக் குறிக்கும் சொல் சுஃப்ரா. நபிகள் நாயகம் உயர்ந்த மேசையில் உண்டதில்லை, விரிப்புகளில்தான் உண்டார் என்று நபித்தோழர் அனஸ் கூறும் செய்தியும் அதே தொகுப்பில் இருக்கிறது. விரிப்புகளுக்கு அங்கே வரும் சொல் இதன் பன்மைதான். சோற்றுக்கும் ஒரே பெயர், விரிப்புக்கும் அதே பெயர். எப்படி? அந்தப் பண்டத்தைப் பார்த்தால் புரியும். வட்டமாக வெட்டிய தோல், அதன் விளிம்பு நெடுகச் சுருக்குக் கயிறு. இழுத்தால் உணவுப் பை, தளர்த்திப் பரப்பினால் விரிப்பு. சொல் தாவவே இல்லை. பை விரிந்தது, பொருளும் கூடவே விரிந்தது.

தமிழிலும் ஒரு காலத்தில் இதே வழியில் பிறந்த சொல் இருந்தது. பழமொழி நானூற்றில் வரும் ‘ஆற்றுணா’வில் ஆறு என்பது வழி, ஆகவே அது வழியுணவு. அந்தச் சொல் பேச்சிலிருந்து போய்விட்டது. நிலைத்தவை கட்டுச்சோறும் பொதிசோறும், அதாவது கட்டிய செயலும் பொதிந்த செயலும். அவிழ்த்த பிறகு நமக்கு ஆளுக்கொரு இலை. எல்லோருக்கும் பொதுவான விரிப்பு பந்தியில் இல்லாததால் அதற்குப் பெயரும் தேவைப்படவில்லை. சுப்ரா அந்த வெற்றிடத்தில்தான் வந்து அமர்ந்தது என்பது என் துணிபு.

பாரசீகம் வழியாக, வடக்கிலிருந்து வந்திருக்கலாமே என்று கேட்கலாம். பாரசீகத்தில் ‘சோஃப்ரே’ உண்டு, உண்மை. ஆனால் உருது பேசுவோர் இதே விரிப்புக்குப் பெரிதும் வழங்குவது ‘தஸ்தர்கான்’. சுப்ராவோ அரபு வணிகர் வந்திறங்கிய கரைகளில், ஷாஃபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்டநெறியைப் பின்பற்றும் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. கடல்வழிக்கே சான்று கூடுதல். ஒரு சமயத்தார் வீட்டுச் சொல்லைத் தமிழ்ச்சொல் எனலாமா என்பது இன்னொரு கேள்வி. பந்தி வடமொழிப் ‘பங்க்தி’யிலிருந்து வந்தது. அதைத் தமிழல்ல என்று எவரும் ஒதுக்குவதில்லை. ஒலியிலும் சுப்ரா தமிழுக்கு இணங்கியிருக்கிறது: ஃப ஒலி ப ஆயிற்று. ஃப ஒலி இல்லாத ஜார்ஜிய மொழியிலும் இதே சொல் சுப்ரா என்றே ஆகி, அந்நாட்டுப் பெருவிருந்தின் பெயராக நிற்கிறது.

இப்போது வளைகுடாவைப் பாருங்கள். துபாயிலோ ஷார்ஜாவிலோ குடும்பத்தோடு வாழும் இவ்வூர்க்காரர்கள் விடுமுறை நாளில் அல் ஐன் நகருக்குப் போகிறார்கள். துபாயிலிருந்து ஒன்றரை மணி நேரப் பாதை. 2011 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பேரீச்சந்தோப்புகளைப் பார்த்துவிட்டு, ஜபல் ஹஃபீத் மலையடிவாரத்து முபஸ்ஸரா புல்வெளியில் பிளாஸ்டிக் சுப்ராவை விரித்து, வீட்டில் ஆக்கிவந்த பிரியாணிச் சட்டியைத் திறக்கிறார்கள். மெல்லிய தாள், உண்டதும் எலும்போடும் பருக்கையோடும் நாலு மூலையையும் சேர்த்துச் சுருட்டிக் குப்பையில் போடுவது. இதுவும் சுப்ராவா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. தோலின் உறுதி இதற்கு இல்லைதான். ஆனால் மூலைகளைச் சேர்த்து மூட்டையாக்கும் அந்தக் கையசைவு பழைய சுருக்குக் கயிற்றின் வேலையையே செய்கிறது. அதைவிட முக்கியம், ஊரில் நடுவீட்டு விரிப்பாக மட்டும் இருந்த சுப்ரா இங்கே மறுபடி வழிச்சோற்றோடு சேர்ந்துவிட்டது. தங்கள் சொல் பிறந்த பொருளை, அறியாமலே, அந்தக் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

இத்தகைய சொற்கள் பெரும்பாலும் வாய்மொழியில்தான் வாழ்கின்றன. சுப்ரா என்பார்களா, சுப்புறா என்பார்களா, முன்பு அது பாயா துணியா, ஒரு சஹனைச் சுற்றி எத்தனை பேர்? உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஊர்ப் பெயரோடு எழுதி வையுங்கள்.