"இதுக்கு ஊசி இருக்கா டாக்டர்?" - ஒரு சிகிச்சையின் வரலாறு

1/
"சார், நான் பிளஸ் ஒன் படிக்கேன். எனக்கு பசங்க மேலதான் ஈர்ப்பு வருது. இது நோயா? மாத்த மருந்து இருக்கா?"

பெயர் இல்லாத கணக்குகளில் இருந்து இன்பாக்ஸுக்கு வரும் கேள்வி இது. இதே கேள்வி பெற்றோர் பக்கமிருந்து வந்தால், "இதுக்கு ஊசி ஏதும் இருக்கா டாக்டர்?"

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். இது நோய் இல்லை. அதனால் மருந்தும் இல்லை.

2/
ஆனா ஒரு வரியில் சொன்னா யாரும் நம்புறது இல்லை. காரணம், "நோய்" என்ற எண்ணம் வானத்திலிருந்து விழவில்லை. சட்டம் எழுதினவர்கள் "குற்றம்" என்று எழுதினார்கள். மருத்துவம் படித்தவர்கள் "நோய்" என்று எழுதினார்கள்.

யார் எழுதினார்கள், யார் அடித்தார்கள் என்று தெரிந்தால்தான் மனசு சமாதானம் ஆகும். இழை கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படிங்க மக்களே.

3/
போத்தனூர் ஜங்ஷன் தெரியும்தானே? கோயம்புத்தூர் பக்கம். 1881-ல் அங்கே ஒரு ஆங்கிலேயப் பெண் குழந்தை பிறந்தது. அப்பா மெட்ராஸ் ரயில்வேயில் என்ஜினியர். அந்தப் பெண் பிறகு மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவரைத் திருமணம் செய்தார்.

அவர்கள் மகன்தான் ஆலன் டூரிங். இன்றைய கம்ப்யூட்டருக்கு அடிப்படை போட்டவர்.

4/
அப்பா அம்மா இந்தியாவில். பிள்ளை இங்கிலாந்தில். ஷெர்போர்ன் பள்ளியில் விடுதி மாணவன். கூச்ச சுபாவம், கணக்கில் புலி.

அங்கே கிறிஸ்டோபர் மார்காம் என்று ஒரு சக மாணவன். இரண்டு பேரும் நட்சத்திரம் பார்ப்பார்கள், வேதியியல் பேசுவார்கள். டூரிங்கின் முதல் காதல் அவன்தான் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

5/
1930 பிப்ரவரியில் மார்காம் இறந்துபோனான். சின்ன வயதில் காய்ச்சாத பசும்பால் வழியாகத் தொற்றிய காசநோய். (பாலைக் காய்ச்சிக் குடிங்க என்று நாங்க கத்துறதுக்குக் காரணம் இருக்கு!)

டூரிங்குக்கு அப்போது 17 வயது. காதலித்தவன் செத்துப்போனதற்கு "நண்பன்" என்ற அளவுக்கு மட்டும்தான் வெளியே அழ முடியும். நம்ம ஊர் ஹைஸ்கூல்களிலும் இப்படி அழுதவர்கள் இருப்பார்கள்.

6/
பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைத்ததில் டூரிங்குக்குப் பெரிய பங்கு.

1952-ல் ஒரு ஆணோடு உறவு இருந்ததற்காக அதே டூரிங் மேல் வழக்கு. தீர்ப்பு: ஜெயிலுக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்றால் ஒரு வருடம் ஹார்மோன் சிகிச்சை எடுக்க வேண்டும்.

7/
இங்கேதான் எங்க துறை உள்ளே வருது. கொடுத்தது பெண் ஹார்மோனின் செயற்கை வடிவம். மார்பு பெருத்தது. ஆண்மைக் குறைவு வந்தது. ஈர்ப்பு மாறியதா? இல்லை.

ஒரு மருத்துவனாக இதை அழுத்திச் சொல்கிறேன். ஹார்மோன் மருந்தால் ஆசையின் அளவைக் குறைக்கலாம். ஆசை போகும் திசையை மாற்ற முடியாது.

1954 ஜூன் 7 அன்று டூரிங் இறந்தார். வயது 41. விசாரணையில் தற்கொலை என்று முடிவானது.

8/
"அது சீமைக் கதை, நமக்கென்ன?" என்று கேட்கலாம்.

சம்பந்தம் இருக்கு. ஆண்-ஆண் உறவுக்கு மரண தண்டனை என்று இங்கிலாந்து 1533-லேயே சட்டம் போட்டது. அந்த மனநிலைதான் கப்பல் ஏறி இங்கே வந்தது. 1860-ல் எழுதி 1862-ல் அமலான இந்திய தண்டனைச் சட்டத்தில் 377-வது பிரிவு. "இயற்கைக்கு மாறானது" என்ற சொல் நம் கோர்ட்டிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் குடியேறியது அப்படித்தான்.

இலங்கை, மலாயா, சிங்கப்பூர் என்று தமிழன் பிழைக்கப் போன இடத்திலும் இதே பிரிவின் அண்ணன் தம்பிகள் இருந்தன. நம் கலாச்சாரத்தைக் காப்பாற்றும் சட்டம் என்று பலர் நினைப்பது உண்மையில் லண்டன் சரக்கு.

9/
இனி மருத்துவப் புத்தகம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1952-ல் மனநோய்களுக்கு ஒரு பட்டியல் போட்டது. தன்பால் ஈர்ப்பு அதில் ஒரு நோய்.

ஆதாரம்? டாக்டர்கள் பார்த்த தன்பால் ஈர்ப்பாளர்கள் பெரும்பாலும் மனம் உடைந்து சிகிச்சைக்கு வந்தவர்கள், இல்லையென்றால் சிறையில் இருந்தவர்கள். அவர்களை வைத்து எல்லாரையும் எடை போட்டார்கள்.

10/
இதை எங்க ஊர் பாஷையில் சொல்றேன். சீசன் நேரத்தில் அருவியில் வழுக்கி விழுந்து ஜி.ஹெச்.க்கு வருபவர்களை மட்டும் எண்ணிவிட்டு, "குற்றாலத்தில் குளிக்கிற எல்லாருக்கும் எலும்பு முறியும்" என்று நான் எழுதினால் எப்படி இருக்கும்?

ஆயிரக்கணக்கானவர்கள் ஆனந்தமாகக் குளித்துவிட்டு வீட்டுக்குப் போனது என் கணக்கில் வராதே!

11/
இந்த ஓட்டையை அடைத்தவர் ஈவ்லின் ஹூக்கர் என்ற உளவியலாளர். மருத்துவமனைக்கு வராத, சாதாரணமாக வேலைக்குப் போய் வாழ்கிற 30 தன்பால் ஈர்ப்பு ஆண்கள். அவர்களுக்கு இணையாக, பெண்கள் மேல் ஈர்ப்புள்ள 30 ஆண்கள். எல்லாருக்கும் ஒரே உளவியல் பரிசோதனைகள்.

பெயரை மறைத்து விடைத்தாள்களை நிபுணர்களிடம் கொடுத்தார். எது யாருடையது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1957-ல் ஆய்வு வெளியானது.

12/
ஆனாலும் பட்டியல் மாறவில்லை. 1972-ல் அந்தச் சங்கத்தின் மாநாட்டு மேடையில் ஒரு மனநல மருத்துவர் ஏறினார். முகமூடி, விக், மைக்கில் குரலையும் மாற்றியிருந்தார். "நான் தன்பால் ஈர்ப்பாளன், நான் மனநல மருத்துவனும்கூட" என்பதுதான் பேச்சின் சாரம்.

அவர் பெயர் ஜான் ஃப்ரையர். மனநல மருத்துவர்கள் கூடிய சபையிலேயே ஒரு டாக்டருக்கு முகத்தைக் காட்டப் பயம் என்றால், 16 வயசுப் பையன் பயப்படுவதில் என்ன ஆச்சரியம்?

13/
1973 டிசம்பரில் அந்தச் சங்கம் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து நீக்கியது. எதிர்த்தவர்கள் உறுப்பினர் வாக்கெடுப்பு கேட்டார்கள். 1974-ல் 58 சதவீதம் பேர் நீக்கியது சரி என்றார்கள்.

1990 மே 17 அன்று உலக சுகாதார அமைப்பும் தன் நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்தது. இந்த இழையைப் படிக்கும் பிளஸ் ஒன் தம்பி, நீ பிறப்பதற்கு முன்பே இந்தக் கேள்விக்கு விடை எழுதியாச்சுப்பா.

14/
இந்தியாவுக்கு வருவோம். 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் வயது வந்தவர்களின் சம்மத உறவு குற்றமில்லை என்றது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு மறுபடியும் குற்றமில்லை என்று தீர்த்து வைத்தது. வரலாறு இவர்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார்.

அதே ஆண்டில் அமலுக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டமும் தெளிவாகச் சொல்கிறது. ஊர் ஒழுக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று முடிவு செய்யக்கூடாது.

15/
அடுத்தது தமிழ்நாட்டுக்கே பெருமையான அத்தியாயம். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள். ஒருவரையொருவர் நேசித்தார்கள். வீட்டு எதிர்ப்புக்குப் பயந்து சென்னை வந்தார்கள். வீட்டார் காணவில்லை என்று போலீசில் புகார். பாதுகாப்பு கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள்.

நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு உளவியலாளரிடம் நேரம் கேட்டு, உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து தீர்ப்பு எழுதினார்.

16/
தீர்ப்பு நாள் 2021 ஜூன் 7. டூரிங் இறந்து சரியாக 67 ஆண்டுகள். தற்செயல்தான், ஆனா எனக்கு மறக்காத தேதி.

ஈர்ப்பை "குணப்படுத்துகிறேன்", "மாற்றுகிறேன்" என்று செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை. போலீஸ் தொந்தரவுக்குத் தடை. பள்ளி, கல்லூரி, பெற்றோருக்கு விழிப்புணர்வு தர உத்தரவு. அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இவர்களை மரியாதையாகக் குறிப்பிடும் தமிழ்ச் சொற்களின் பட்டியலை தமிழ்நாடு அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்டது.

சொல் சின்ன விஷயம் இல்லை. தன்னைக் குறிக்கத் தெரிந்த ஒரே சொல் கெட்ட வார்த்தையாக இருந்தால், அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி எப்படி நினைக்கும்?

17/
2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், இப்படி மாற்றும் சிகிச்சை செய்வது மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று மாநில கவுன்சில்களுக்கு எழுதியது. அதாவது செய்தால் டாக்டர் மேல் நடவடிக்கை.

முடிந்ததா கதை? இல்லை. 2024 ஆகஸ்ட் இறுதியில் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் பெண்-பெண் உறவு மறுபடியும் "இயற்கைக்கு மாறான குற்றம்" என்ற தலைப்பின் கீழ் எட்டிப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பர் 5 அன்று திரும்பப் பெற்றார்கள்.

அடித்த வரி தானாகவே மறுபடி முளைக்கும். கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இழைக்கு அதுதான் காரணம்.

18/
இப்போ எங்க ஐந்தருவிக்கு வாங்க. அஞ்சு கிளையாக விழும். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். சாரல் நேரத்தில் ஸ்கூல் பசங்க கும்பலாக வந்து, ஒருத்தன் தோளில் ஒருத்தன் ஏறி ஆட்டம் போடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் "எனக்கு சளி பிடிச்சிருக்குல" என்று சொல்லி, எல்லார் உடுப்புக்கும் காவலாக ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். எப்போதும் அது சளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. "எங்க பாக்கேன்னு எவனாவது கவனிச்சிருவானோ" என்ற பயமாகவும் இருக்கலாம்.

19/
இந்தப் பயம் நாள் முழுக்க, வருஷக்கணக்கில் ஓடினால் தூக்கம் போகும், படிப்பு போகும், மனச்சோர்வு வரும், சாகலாம் என்ற எண்ணமும் வரலாம். தன்பால் ஈர்ப்புள்ள வளரிளம் பருவத்தினருக்கு இந்த ஆபத்து கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. காரணம் ஈர்ப்பு இல்லை. கேலி, பயம், வீட்டில் ஒதுக்கப்படுவது. வீடு அணைத்துக்கொண்டால் அந்த ஆபத்து குறைகிறது.

மனச்சோர்வு நோய். அதற்கு சிகிச்சை உண்டு, கண்டிப்பாகக் கொடுப்போம். ஈர்ப்பு நோய் இல்லை. இந்த இரண்டையும் குழப்பாதீங்க.

20/
பெற்றோர்களே, குறிப்பாக அண்ணாச்சிமாரே!

குற்றாலத்து அருவியில் தலையைக் காட்டினால் பித்தம் தெளியும் என்பது நம்ம பக்கத்து நம்பிக்கை. தாராளமாகப் பையனைக் கூட்டிப் போய்க் குளிங்க, பக்கத்தில் நின்று நீங்களும் குளிங்க. அசதி போகும். ஆனால் இயல்பைக் கழுவி எடுக்க எந்த அருவியாலும் ஆகாது.

லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியரின் லேகியத்தாலும் ஆகாது. இதைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. யாராவது எழுதிக் கொடுத்தால் உங்கள் காசு வீண்.

21/
"ஒரு கால்கட்டு போட்டா சரியாயிரும்" என்பது இன்னும் மோசம். மகனுக்கு மருந்தாக இன்னொரு வீட்டுப் பெண்ணைக் கொடுக்க நமக்கு என்ன உரிமை? ஒரு வாழ்க்கைக்குப் பதில் இரண்டு வாழ்க்கை போகும்.

மகன் உங்களிடம் வந்து சொன்னால் முதல் பத்து நிமிஷம் அடிக்காமல், அழாமல், சாமி மேல் சத்தியம் கேட்காமல் இருங்க. "சாப்டியாய்யா?" என்று கேளுங்க. போதும். மீதியைக் கற்றுக்கொள்ள காலம் இருக்கு. ஹைகோர்ட் நீதிபதியே உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான்.

22/
ஆசிரியர்களுக்கு: வகுப்பில் ஒருத்தனை "ஒம்போது" என்று கூப்பிடும்போது நீங்களும் சேர்ந்து சிரித்தால், அந்த அறையில் பேசாமல் இருக்கும் இன்னொருத்தன் உங்களிடம் எப்போதுமே உதவி கேட்க மாட்டான்.

23/
தம்பி, கடைசியாக உனக்கு.

நீ யாரிடமும் அவசரப்பட்டு சொல்ல வேண்டாம். எப்போது, யாரிடம் சொல்வது என்பது உன் முடிவு. அதற்குள் ஆறுதல் தேடி ஆப்பில் முகம் தெரியாதவர்களுக்கு போட்டோ அனுப்பாதே, தனியாகப் போய்ச் சந்திக்காதே. யாராவது போட்டோவை வைத்து மிரட்டினால் தப்பு மிரட்டுகிறவன் மேல்தான். நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் உடனே சொல்.

மனசு தாங்கவில்லை என்றால் 14416 (டெலி மனாஸ்) அல்லது 104. எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மாவட்ட தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கு. "தூக்கம் வரல, மனசு சரியில்லை" என்று சொல்லி உள்ளே வா, அது போதும். உன்னை மாற்றுகிறேன் என்று எந்த டாக்டராவது சொன்னால், அந்த அறையில் விதியை மீறுவது அவர்தான்.

24/
நோய் என்று புத்தகத்தில் எழுதியது எங்கள் துறை. அதை அடித்ததும் எங்கள் துறைதான். அடித்த செய்தி இன்னும் தெருவுக்கு வந்து சேரவில்லை. அதைக் கொண்டு சேர்ப்பதும் எங்கள் வேலைதான்.

தெரிந்த ஒரு அப்பாவுக்கோ டீச்சருக்கோ இந்த இழையை அனுப்புங்க. யார் வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.