கறுவாவும் கதிரவனும்

மாத்தளை மாவட்டத்திலே, கலேவெலைக்கு அண்மையில், வஹகோட்டை என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. புனித அந்தோனியார் ஆலயத்தால் அது இலங்கை முழுவதும் பெயர்பெற்றது. பதினேழாம் நூற்றாண்டிலே கண்டி அரசின் ஆட்சிக்குட்பட்டுக் குடியமர்ந்த போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். அவர்களின் முன்னோர் இந்நாட்டுப் பெண்களை மணந்தனர். காலப்போக்கிற் பழைய மொழி மறைந்து சிங்களமே வீட்டுமொழியாயிற்று; கத்தோலிக்க சமயம் மட்டும் நிலைத்து நின்றது.

போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டில் இத்தீவை அடைந்தனர். அவர்களை இங்கே நிலைகொள்ளச் செய்த பொருள்களுள் தலையாயது கறுவாப்பட்டை. அதன் பொருட்டுக் கோட்டைகள் எழுந்தன; போர்கள் மூண்டன. 1656இல் கொழும்பும், 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைப்பட்டன. ஆயினும், தாம் தேடி வந்த பட்டையோடு தொடர்புடைய ஒரு பொருள், வெப்பநாட்டு வெயிலில் வெந்து சிவந்த தம் தோலைக் காக்கவல்லது என்பதை அவர்களுள் எவரும் அறிந்திலர். அவ்வுண்மை உலகுக்குப் புலப்பட மேலும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

வஹகோட்டை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் குறைந்த தொலைவிலே உள்ளது. ஏப்ரல் மாதத்தின் முற்பாதியில் ஒருமுறையும், ஆகஸ்ட் இறுதியை ஒட்டி மற்றொருமுறையும் கதிரவன் அங்கே தலைக்கு நேர் உச்சியில் நிற்கின்றான். இத்தகைய வெயிலுக்கு இந்நாட்டார் கண்ட காப்பு பழமையானது. 1660 முதல் 1679 வரை கண்டி அரசிற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயராகிய ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலிலே தாளிப்பனை ஓலையை வியந்து எழுதியுள்ளார். ஓர் ஓலை பதினைந்து இருபது பேரை மூடவல்லது என்றும், விசிறிபோல் மடித்து எடுத்துச் செல்லத்தக்கது என்றும் அவர் கூறுகின்றார். பிற்காலத்தே தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து மாத்தளையை அடைந்த தோட்டத் தொழிலாளர்க்கு அத்தகைய குடையும் இல்லை. தலையில் இட்ட துணியே அவர்களுக்கு நிழல்.

தோலைக் கருக்குவது வெயிலின் சூடே என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. 1801இல் ஜெர்மனியரான ரிட்டர், ஊதா நிறத்திற்கும் அப்பால் கண்ணுக்குப் புலப்படாத கதிர்கள் உள என்று கண்டறிந்தார். 1820இல் லண்டன் மருத்துவர் எவரார்ட் ஹோம் எளிய சோதனையொன்று செய்தார். தம் கைகள் இரண்டையும் வெயிலிற் காட்டினார். ஒன்று வெறுங்கை, மற்றது கறுப்புத் துணியால் மூடப்பட்டது. துணியின் கீழிருந்த கையே மிகுதியாகச் சூடேறியது. எனினும் கொப்புளம் கண்டது வெறுங்கையே. சூடு வேறு, சுடுகின்ற கதிர் வேறு என்பது இதனால் விளங்கிற்று. கறுத்த தோல் அதனை உடையவர்க்கு இயற்கை அளித்த கவசம் என்றும் அவர் உணர்ந்தார். 1889இல் சுவீடன் நாட்டு மருத்துவர் விட்மார்க், தோலைச் சிவக்கச் செய்வன ஊதா கடந்த கதிர்களே என நிறுவினார். அவற்றுள்ளும் எந்தப் பகுதி கொடியது என்பதை ஹவுசரும் வாலேயும் 1922இல் அளந்து காட்டினர்.

பகை இன்னதென்று தெரிந்தபின் கேடயம் தேடுவது எளிதாயிற்று. கறுவா எண்ணெயின் மணப்பொருளை 1834இல் டூமா, பெலிகோ என்னும் பிரெஞ்சு வேதியியலார் பிரித்தெடுத்தனர். அப்பொருள் காற்றுப்பட்டு மாறும்போது தோன்றும் அமிலம், கறுவாவின் இலத்தீன் பெயரையொட்டிச் சின்னமிக் அமிலம் எனப்பட்டது. அதன் வழிவந்த பென்சைல் சின்னமேட் என்பதையும் வேறொரு சேர்மத்தையும் கலந்த களிம்பு 1928இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வணிகத்திற்கு வந்த முதல் வெயிற்காப்புகளுள் அது ஒன்று. அச்சேர்மத்தின் மூலக்கூறு ஊதா கடந்த கதிரை விழுங்கி, அதன் ஆற்றலைத் தீங்கற்ற சிறு வெப்பமாக வெளிவிடும். இன்று பயன்படும் சின்னமேட்டுகள் தொழிற்சாலையில் ஆக்கப்படுவன. ஆதலின் கறுவாவை அரைத்து முகத்திற் பூசுவது காப்பாகாது. அதன் மணப்பொருள் தோலை எரித்துப் புண்ணாக்கவும் கூடும்.

இரண்டாம் உலகப்போரிற் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்கப் படையினர் சிவந்த பெற்றோலியக் களிம்பைப் பூசினர். ஒட்டும் தன்மை மிக்க அதற்கு மாற்றாக நுண்ணிய பூச்சுகள் பல பின்னர் வந்தன. அவற்றின் வலிமையை எங்ஙனம் அளப்பது? ஆஸ்திரிய வேதியியலார் பிரான்ஸ் கிரைட்டர் 1974இல் பரப்பிய காப்பெண் இதற்கு விடையாயிற்று. எண் 15 உடைய பூச்சு, தோலைச் சிவக்கச் செய்யும் கதிரில் பதினைந்தில் ஒரு பங்கையே உட்புகவிடும்; எண் 30 முப்பதில் ஒரு பங்கை விடும். முன்னது ஏறத்தாழ 93 விழுக்காட்டையும் பின்னது 97 விழுக்காட்டையும் தடுக்கின்றன. எண் இரட்டித்தாலும் காப்பு இரட்டிப்பதில்லை. இவ்வளவும் ஒரு சதுர சென்றிமீற்றருக்கு 2 மில்லிகிராம் என்னும் கனத்திற் பூசினாலன்றிக் கிட்டாது. மக்கள் பூசுவதோ பெரும்பாலும் அதனினும் குறைவு.

தோலைச் சிவக்கச் செய்யாமலே உள்ளாழத்திற் சென்று கெடுக்கும் நீண்ட அலைக்கதிர்களும் உள. அவற்றைத் தடுக்கும் அவோபென்சோன் 1973இல் காப்புரிமை பெற்றது. ஆனால் வெயிலில் அதுவே சிதையும் இயல்பினது. நாக ஒட்சைட்டும் தைத்தானியம் ஈரொட்சைட்டும் அத்துணை எளிதிற் சிதையா. முன்பு சுண்ணம் பூசியது போல் முகத்தை வெளுப்பித்த இவை, நுண்துகளாக்கப்பட்டபின் கண்ணுக்குத் தெரியாத பூச்சாயின. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையிற் கிடக்கும் கருமணலில் தைத்தானியத்தின் தாதுக்களான இல்மனைற்றும் உரூற்றைலும் மலிந்துள்ளன. ஆகவே வெயிற்காப்பின் வரலாற்றில் இத்தீவின் மரப்பட்டைக்கும் மணலுக்கும் உறவு உண்டு.

இப்பூச்சுகளால் பயன் உண்டா என்பதை ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 1992 முதல் 1996 வரை 1600க்கு மேற்பட்டோரைக் கொண்டு ஆராய்ந்தனர். நாள்தோறும் பூசியவரிடையே ஒருவகைத் தோற்புற்று ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு குறைந்தது; மேலும் பத்தாண்டு கடந்து பார்க்கையில், கொடிய கரும்புற்றும் பாதியாகக் குறைந்திருந்தது. எனினும் குறையற்ற கேடயம் இல்லை. பவளப்பாறைகளுக்குக் கேடு நேருமென அஞ்சி, இருவகைச் சேர்மங்கள் கலந்த பூச்சுகளை மருத்துவச் சீட்டின்றி விற்பதைத் தடுக்கும் சட்டத்தை ஹவாய் மாநிலம் 2018இல் இயற்றியது. 2021இல் அது நடைமுறைக்கு வந்தது. அவ்விரண்டனுள் ஒன்று கறுவாவின் பெயர் தாங்கிய சின்னமேட்டே.

இந்நாட்டார் இதிலிருந்து கொள்ளவேண்டியது யாது? கறுத்த தோல் தாழ்வானது எனப் பலர் எண்ணி வருந்துகின்றனர். 1979இல் அமெரிக்க ஆய்வாளர் கண்ட முடிபு நேர்மாறானது. கறுத்த மேற்றோல் ஏறத்தாழ 13 என்னும் காப்பெண்ணுக்கு ஒப்பானது; வெளிறிய தோலுக்கு அது மூன்றைச் சற்றே கடந்தது. இக்கவசத்தை வெளுப்பிப்பதற்கென விற்கப்படும் களிம்புகள் சிலவற்றிற் பாதரசம் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பத்திலக்கத்தில் ஒரு பங்குக்கு மேற் பாதரசம் உடைய அழகுப்பொருள்களை 2020க்குள் ஒழிப்பதென மினமாட்டா உடன்படிக்கை விதித்தது. வெயிற்காப்பு வேறு, வெளுப்பிக்கும் களிம்பு வேறு. ஒன்று இயற்கைக் கவசத்திற்குத் துணை. மற்றது அதன் பகை.

ஆயினும் அக்கவசம் முற்றானதன்று. கண்ணிற் புரை விழுதலை அது தடுக்காது. பிறப்பிலேயே தோலில் நிறப்பொருள் அமையாத குழந்தைகளுக்கோ அது அறவே இல்லை. அத்தகைய பிள்ளையை வெயிலில் நிறுத்தி உடற்பயிற்சி செய்விக்கும் பாடசாலை, அறியாமையால் கொடுமை இழைக்கின்றது. அப்பிள்ளைக்கு நீண்ட கைச்சட்டையும் அகன்ற தொப்பியும் பூச்சும் ஆடம்பரம் அல்ல, உயிர்க்காப்பு.

விலையுயர்ந்த பூச்சு எல்லார்க்கும் எட்டுவதில்லை. காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை இயன்றளவு நிழலைத் தேடுதல், குடை பிடித்தல், நெருங்க நெய்த துணியால் உடலை மூடுதல் என்பன எல்லார்க்கும் உரியவை. வஹகோட்டையின் வயலில் நிற்கும் உழவரும், அந்தோனியார் திருவிழாவுக்கு வரும் யாத்திரிகரும் ஒரே கதிரவனின் கீழேதான் நிற்கின்றனர். அவர்தம் முன்னோருள் ஒருசாரார் கறுவா தேடிக் கடல் கடந்து வந்தனர். மறுசாரார் தாளியோலையின் நிழலில் நடந்தனர். ஆய்வுக்கூடத்து அறிவு இவ்விரு வழிகளையும் இன்று ஒன்றாக இணைத்துள்ளது. முதலில் நிழல், நிழல் கிட்டாதவிடத்துப் பூச்சு. இவ்வரிசையை மறவாதாரே அவ்வறிவின் பயனை முழுதும் பெற்றவர் ஆவர்.